செல்வியின் நாலு வரி

போன வாரம் என் தங்கை மகன் ஒரு வினாத்தாளைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தான். ‘இக்கவிதையில் பேசுபவர் யார்?’ இரண்டு மதிப்பெண். ‘பெரியம்மா, சட்டுனு சொல்லுங்க, வேன் வந்துரும்’ என்று குரல் வேறு. தமிழ் டீச்சர் என்று என்னை நம்புகிறான், பாவம். இதே கேள்விக்கு நான் ஒருமுறை கண்டுபிடித்த பதில் அவனுக்குத் தெரியாது.

சந்தேகம் என் கூடவே பிறந்தது. பூ வாங்கினால் பூவைப் பார்க்கமாட்டேன், முழம் போடுகிற கையைத்தான் பார்ப்பேன். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இந்தக் குணத்தை வகுப்புக்கும் கொண்டுபோனேன். ஆண்டு மலருக்குக் கவிதை கேட்டிருந்தோம். நிலாவும் மழையுமாக வந்து குவிந்ததில், ஒன்பதாம் வகுப்புச் செல்வி கொடுத்த தாளில் நாலே வரி:

அம்மா, கதவைச் சாத்தாதே.
சத்தம் போடாமல் இருந்துகொள்கிறேன்.
யாரிடமும் சொல்லமாட்டேன்.
சாயங்காலம் சீக்கிரம் வா.

செல்வி அகரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் அப்பா தோட்டத்தில் சம்பங்கி போட்டிருந்தார். பக்கத்தில் வந்தாலே அந்த வாசனை வரும். இன்றைக்கும் கல்யாண மாலையில் சம்பங்கி மணந்தால் எனக்கு அவள் மணிக்கட்டுதான் ஞாபகம் வருகிறது. அதில் நகம் பட்ட கீறல்கள். ‘பூனை டீச்சர்’ என்றாள். நான் நம்பவில்லை. மணி அடித்ததும் பையைக்கூட மூடாமல் ஓடுவாள். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன்: லீவு நாளில் பெற்ற பிள்ளையைப் பூட்டி வைக்கிற அம்மா.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் வாசித்தும் காட்டினேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். மறுநாள் வரச்சொல்லி அப்பாவுக்குப் போன் போயிற்று. அதோடு விட்டேனா? அவர் வந்து மழுப்பிவிடுவார் என்று, அன்று சாயங்காலமே செல்வி ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன். ‘எதுக்கு டீச்சர்?’ என்று வழியெல்லாம் கேட்டாள். ‘சும்மாதான்’ என்றேன்.

வீட்டுக் கதவில் வெளியே பூட்டு. சாவி அவள் பென்சில் டப்பாவில் இருந்தது. அவள் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெரிய மனுஷியின் குரல் வந்தது.

‘அம்மா, வந்துட்டியாம்மா? நான் சத்தமே போடல.’

நம் பக்கத்தில் பெற்றவள் மகளை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். என் அம்மா இன்றைக்கும் என்னை ‘சாப்டியாம்மா’ என்றுதான் கேட்கிறாள். அதைத் தினமும் கேட்டு வளர்ந்த தமிழ் டீச்சருக்கு, அந்த நாலு வரியில் அது காதில் விழவில்லை.

‘அம்மாவுக்கு மனசு சரியில்ல டீச்சர். ரோட்டுக்கு ஓடிருவாங்க. அப்பா தோட்டத்துக்குப் போயிருவாரு, நான்தான் பூட்டிட்டு வாரேன்’ என்றாள் செல்வி. ‘வெளிய தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவேன்னு அப்பா சொல்லிருக்காரு. சொல்லிராதீங்க.’



மறுநாள் அப்பா வந்து தாளை எழுத்துக்கூட்டி வாசித்தார். எதையும் மறுக்கவில்லை. டி.சி. கேட்டார். எவ்வளவோ கெஞ்சினேன். ‘இது எம்புட்டுப் பேருக்குத் தெரியும் டீச்சர்?’ என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தோட்டத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். இரண்டு முறை போய் விசாரித்தேன். குடும்பம் எங்கே போனது என்று சொல்ல ஆளில்லை. தாளும் என்னிடம் இல்லை. டி.சி. வாங்கிய அன்றைக்கே செல்வி அதைத் திருப்பிக் கேட்டாள்.

‘ஒற்றுப்பிழை ஏதும் இருந்துச்சா டீச்சர்?’

‘ஒண்ணுகூட இல்லம்மா.’

தலையாட்டினாள். என் கண்ணெதிரிலேயே அதை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அப்பா பின்னால் போனாள்.