‘போறேன்’ என்று சொல்லிச் சென்றவரின் மகள்

இதனை எழுதி வைக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. நான் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் இலக்கணம் கற்பித்தவன். அமங்கலச் சொல்லை நாவில் ஏற்றலாகாது என்று வகுப்பிலும் வீட்டிலும் வற்புறுத்தி வந்தவன். அந்த வற்புறுத்தலின் விளைவாக ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தன் தந்தையின் சாவுக்குத் தானே காரணம் என்று ஒரு மாதத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தாள். தந்தையையோ தாயையோ இழந்த பிள்ளையிடம் என்ன பேசுவது என்று அறியாமல், அழகிய சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் என் போல் பலர் இருப்பர். அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

திண்டுக்கல்லில் என் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்த குடும்பம் அது. கணவர், மனைவி, இரண்டு பெண்மக்கள். மூத்தவள் பத்தாம் வகுப்பு. இளையவள் நான்காம் வகுப்பு. கணவர் தொப்பம்பட்டிப் பக்கத்து வேளாண் குடும்பத்தவர். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் மூட்டைகளைத் தரம் பிரித்து வண்டியேற்றும் பணியை மேற்பார்த்து வந்தார். நாள்தோறும் விடிந்ததும் பேருந்துக்குப் புறப்படுவார். மனைவி திண்டுக்கல்லுக்காரர், பேருந்து நிலையத்தருகே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார்.

கணவர் என்னைச் சீண்டுவதில் மகிழ்ச்சி காண்பவர். வாயிற்கதவைத் திறந்து, மாடியை நோக்கி, “ஐயா, போறேனுங்க!” என்று உரக்கச் சொல்வார். எனக்கு அச்சொல் பொறுக்காது என்பது அவருக்குத் தெரியும். “வருகிறேன் என்று சொல்லுங்கள்” என்று நான் மேலிருந்து கடிந்துகொள்வேன். நாளடைவில் அந்த வேலையை இளையவள் எடுத்துக்கொண்டாள். “அப்பா, வாரேன்னு சொல்லுங்க!” என்று உள்ளிருந்து கத்துவாள். “சரிங்க அம்மணி, போயிட்டு வாரேனுங்க” என்று பணிவு காட்டிவிட்டுப் போவார். காலைதோறும் நடக்கும் விளையாட்டு அது.

அவள் ஒருமுறை என்னிடம், “போறேன்னு சொன்னா என்ன தாத்தா?” என்று கேட்டிருக்கிறாள். “அது திரும்பி வராதவர்கள் சொல்லும் சொல்” என்று விடையளித்தேன். விடை சுருக்கமாகவும் செம்மையாகவும் அமைந்துவிட்டதாக எனக்கு அன்று நிறைவு கூட இருந்தது.

அவர் இறந்த நாளன்றும் “போறேனுங்க” என்றுதான் சொன்னார். உள்ளிருந்து மறுமொழி வரவில்லை. வாயிலில் சிறிது நேரம் நின்றார்; பிறகு சிரித்துக்கொண்டே நடந்தார். நண்பகலில் முருங்கைக்காய்க் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலித்துச் சாய்ந்தார். மருத்துவமனையை அடையுமுன் உயிர் பிரிந்துவிட்டது.

அதன்பின் அந்த வீட்டில் ஒலித்த சொற்களை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். வந்தவர் எல்லாரும், “இப்பிடி விட்டுட்டுப் போயிட்டாரே” என்றே அழுதனர். சுவரொட்டிக்கு வாசகம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். “இயற்கை எய்தினார்” என்று எழுதினேன். இளையவள் என் கையைப் பிடித்து, “அப்பா எங்க தாத்தா?” என்றாள். “இறைவனடி சேர்ந்துவிட்டார், அம்மா” என்றேன். “எப்ப வருவாரு?” என்றாள். நான் அவள் தலையை வருடினேன். செத்தாரைச் செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதை இலக்கணம் மங்கலம் என்று வகுத்திருக்கிறது. எத்தனையோ மாணவர்க்கு அதை விளக்கியவன் நான். கேட்பவர் சிறு பிள்ளையாயிருந்தால் அதன் பயன் என்ன என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து தாய் வேலைக்குப் புறப்பட்டபோதுதான் தொல்லை தொடங்கியது. சிறுமி வாயிலில் நின்று, தாயின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, “வாரேன்னு சொல்லு” என்பாள். தாய் சொல்வார். “இன்னொருக்கா.” மீண்டும் சொல்வார். நான்கு முறை, பத்து முறை, இருபது முறை. தெருமுனை வரை சென்ற தாயைத் திரும்ப அழைத்து மறுபடியும் சொல்லச் செய்வாள். அவள் பள்ளிக்குச் செல்வதை நிறுத்திவிட்டாள். தாய்க்குப் பேருந்து தப்பியது; கடையில் தாமதம் மிகுந்தது. “இந்த வாரத்தோட பாருங்க, நேரத்துக்கு வர முடியலன்னா வேற ஆளு போட்டுக்குறோம்” என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்த வேலையும் நின்றுவிட்டால் வீடு என்னாவது?

அண்டை வீட்டார், “பிள்ள பயந்திருக்கு, மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க” என்றார்கள். நானோ, பிரிவாற்றாமை, நாள் செல்லச் செல்லத் தணியும் என்றேன். மூத்தவளைப் பார்த்து எனக்கு உள்ளூரச் சினமும் இருந்தது. அவள் தோழியரோடு தொலைபேசியில் சிரித்துப் பேசுவாள்; தங்கையை, “அழுமூஞ்சி, நகரு” என்று தள்ளிவிடுவாள். தந்தையை இழந்த பெண் இப்படியும் இருப்பாளா என்று எண்ணினேன். அதுவும் என் பிழையே.

அந்த வாரத்தின் இறுதியில் ஒரு காலை. தாய் எத்தனை முறை சொன்னார் என்று தெரியவில்லை, இறுதியில் பொறுமையிழந்து, “விடுடி, நேரமாச்சு. நான் போறேன்!” என்று தலைப்பை உதறிக்கொண்டு நடந்துவிட்டார். சிறுமி வீறிட்டு அலறியபடி வெறுங்காலோடு தெருவில் பாய்ந்தாள். இருசக்கர வண்டி ஒன்று அவளுக்கு ஒரு முழத் தொலைவில் கிறீச்சிட்டு நின்றது. நான் மாடிப்படியில் இறங்கி ஓடி வருவதற்குள் மூத்தவள் அவளை வாரித் தூக்கிக்கொண்டு வந்தாள். தாயும் திரும்பி ஓடி வந்தார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

மூத்தவள் என்னை நோக்கித் திரும்பினாள். “எல்லாம் உங்களாலதான் தாத்தா! போறேன்னு சொன்னா திரும்பி வரமாட்டாங்கன்னு இவகிட்ட யாரு சொன்னது? நீங்கதான?”

“ஏய், பெரியவர்கிட்ட என்ன பேச்சு?” என்று தாய் அதட்டினார்.

“நீ சும்மா இரும்மா. தினம் ராத்திரி தூக்கத்துல இதத்தான் சொல்றா. உனக்குக் கேக்கல. எனக்குக் கேக்குது.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிறுமி மேற்படியில் அமர்ந்து விம்மிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நான் உனக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன்” என்றேன். “உன் அப்பா எங்கும் போகவில்லை. அவர் செத்துவிட்டார்.” அச்சொல்லை ஒரு மனிதரைக் குறித்து நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதன்முறை.

அவள் விம்மலை நிறுத்தினாள். “செத்துப் போயிட்டாருன்னுதான சொல்லுவாங்க? அதுலயும் போ இருக்கே.”

“இருக்கிறது. ஆனால் அங்கே அது துணைவினை. அதாவது…”

“தாத்தா!” என்றாள் மூத்தவள். “இப்ப இலக்கணம் வேணாம்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த அமைதியில்தான் சிறுமி பேசினாள். “அன்னைக்கு நான் வாரேன்னு சொல்லச் சொல்லல. வேணும்னேதான் சொல்லல. ஸ்கூலுக்கு சார்ட் வாங்கிட்டு வரச் சொன்னேன், மறந்துட்டாரு. அதான் பேசக் கூடாதுன்னு இருந்தேன். அவரு கதவுகிட்ட நின்னாரு. எனக்குத் தெரியும்.”

தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவர் போறேனுங்க என்றதை நானும் கேட்டேன்” என்றேன். “மாடியில்தான் இருந்தேன். நானும் திருத்தவில்லை.”

“நீங்களும் கோவமா?”

“இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ சொல்வாய் என்று விட்டுவிட்டேன்.”

மருத்துவர் தாயிடம் கூறியதை நான் எடுத்துச் சொன்னேன். இதயத்துக்கு இரத்தம் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டது. அந்த அடைப்பு அன்று காலையில் உண்டானது அல்ல, பல காலமாக யாரும் அறியாமல் வளர்ந்து வந்தது என்று விளக்கினேன்.

“வாரேன்னு சொல்லிருந்தா?”

“சொல்லியிருந்தாலும் செத்திருப்பார்.”

இதைவிடக் கடினமான வாக்கியத்தை நான் அமைத்ததில்லை. தாய் தரையில் அமர்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டார். “அப்பா சிரிச்சுக்கிட்டுத்தான்டி கெளம்புனாரு. பஸ்ஸுல இருந்து ஃபோன் போட்டு, மகாராணி இன்னும் கோவமாத்தான் இருக்காங்களான்னு கேட்டாரு. நாந்தான் உங்கிட்டச் சொல்லல” என்று அழுதார். மறைப்பதே அன்பு என்று அவருக்குத் தோன்றியிருந்தது. நானும் என் அன்பினால்தான் மறைத்திருந்தேன்.

மூத்தவள் செருப்பை மாட்டினாள். “ஏய் குட்டி, இங்க பாரு. நான் கடைக்குப் போறேன். போறேன். கேட்டுச்சா?” தடுக்க நான் எழுந்தேன். அதற்குள் அவள் நடந்துவிட்டாள். சிறுமி கதவுக் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சில நிமிடங்களில் மூத்தவள் ஒரு தேங்காய் பன்னைத் தின்றுகொண்டே திரும்பி வந்தாள். “வந்துட்டேன்ல? இந்தா, பாதி.”

சிறுமி பன்னை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “இப்ப தாத்தா சொல்லட்டும்.”

எழுபது ஆண்டுகளாக விலக்கி வைத்த சொல். சிறுமியின் முன் என் தயக்கம் வெளிப்பட்டால் அவளது அச்சம் உறுதிப்படும் என்பதும் விளங்கியது. “போகிறேன்” என்று சொல்லிவிட்டுத் தெருமுனை மின்கம்பம் வரை நடந்தேன். இருதய நோய்க்கு மருந்துண்பவன் நான். அன்று திரும்பி வராதிருந்தால் என்னாகும் என்ற எண்ணம் உண்மையாகவே எழுந்தது. “வெரசா வாங்க தாத்தா, தூங்கிட்டே நடக்குறீங்க!” என்று அவள் கதவருகிலிருந்து கத்தினாள். தாயும் மூத்தவளும் சிரித்தது கேட்டது.

அன்றோடு எல்லாம் சரியாகவில்லை. மறுநாளும் அவள் தலைப்பைப் பிடித்தாள். ஆனால் தாய் இம்முறை, “ஏழு மணிக்கு வருவேன். பஸ் லேட்டானா ஃபோன் பண்ணுவேன்” என்று ஒரே ஒரு முறை சொன்னார், சொன்னபடியே வந்தார். சில நாள் தாமதமானது. அன்றெல்லாம் தொலைபேசியில் அழைத்தார். இரண்டு வாரங்களில் அவள் தலைப்பை விட்டாள். தாயின் வேலை நிலைத்தது. சிறுமி மீண்டும் பள்ளிக்குச் செல்லத் தொடங்கினாள்; வகுப்பாசிரியை சில நாள் முதற்பாடவேளை கழித்து அவளை வரவிட்டார்.

மூத்தவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில நாள் கழித்து ஒரு மாலை, துணி எடுக்க மாடிக்கு வந்தவளிடம், “உனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். “இம்புட்டு நாள்ல இப்பத்தான் கேக்குறீங்க” என்றாள். பிறகு கொடியில் தொங்கிய துணிகளுக்கு நடுவே நின்று அழுதாள். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதனைப் படித்துப் பார்க்கும்படி அந்தத் தாயிடம் கொடுத்தேன். மேலாளர் சொன்ன நாளை நான் மாற்றி எழுதியிருப்பதாக அவர் ஐயுறுகிறார். மூத்தவளோ பன்னில் தனக்குப் பாதி கூடக் கிடைக்கவில்லை என்கிறாள். இவை சிறு பிழைகள். துயருற்ற பிள்ளைகளோடு பழகி அறிந்தவர்கள், சாவைப் பற்றி நான் அவளிடம் பேசிய முறையிலும், அந்தச் சொல்லை மூத்தவளும் நானும் சோதித்துக் காட்டிய துணிவிலும் இதைவிடப் பெரிய பிழையைக் காணக்கூடும். கண்டால் தயங்காமல் எனக்கு எழுதித் திருத்துங்கள். அவள் இன்னும் கீழ்வீட்டில்தான் இருக்கிறாள். திருத்தத்தை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு இன்னும் வாய்ப்பிருக்கிறது.