கண்ணை மூடாமல் எடுத்த வாக்குத்தத்தம்

கடலூரில் எங்கள் சபையில் புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு நிறைய வாக்குத்தத்தச் சுருள்கள் வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வருவதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று சொன்ன வார்த்தை. நெரிசலில் தட்டுவரை போக முடியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளை எடுத்துக் கொடுக்கலாம். சித்திக்கு நான் எடுப்பேன்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயே இருந்தாள். இளம்பிள்ளைவாதத்தில் வலது கால் சூம்பிப்போய், கோலூன்றித்தான் நடப்பாள். வாய்க்குக் கோல் தேவைப்படவில்லை.

“போன வருஷம் என் சத்துருக்கள் எல்லாம் சிதறிப் போவாங்கன்னு வந்துச்சு. எனக்கு யாருடா சத்துரு? கரப்பான்பூச்சிதான். அதுகூடச் சிதறலடா. இந்த வருஷமாவது எனக்குன்னு ஒண்ணு எடு” என்றாள்.

எனக்குப் பத்து வயது. அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். வசனத் தாள்களைச் சுருட்டி நூல் கட்டுவது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் வேலை. கட்டும்போது ஏசாயா தீர்க்கதரிசியின் வசனம் ஒன்று கண்ணில் பட்டது. களைத்துப்போனவர்களுக்கு ஆண்டவர் பெலன் கொடுப்பார், அவர்கள் நடப்பார்கள், தளரமாட்டார்கள் என்று இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புது வருஷத்தன்று தட்டில் கைவிட்டு எடுப்பதுபோல் துழாவி, பையிலிருந்ததைச் சித்தியிடம் கொடுத்தேன்.

படித்தாள். கிண்டல் எதுவும் வரவில்லை. மறுபடியும் படித்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து உபவாசம். சுவரைப் பிடித்துக்கொண்டு கோலில்லாமல் ஐந்தடி, பத்தடி. அம்மா திட்டினாள்.

“உனக்கு வந்திருந்தா நீ நம்ப மாட்டியாக்கா?” என்று கேட்டாள் சித்தி.

நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவருக்கு ஒரு சின்ன ஒத்தாசை செய்துவிட்டதாக நினைப்பு.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தபசு காலத்தின் முதல் ஞாயிறு, கோலை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு வந்தாள். என் தோளைக்கூடத் தொடவில்லை. கோயிலின் மூன்றாவது படியில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பியவள், அதன் பிறகு நடக்கவே இல்லை.

பார்க்க வந்த சபைப் பெண்கள் ஜெபம் செய்தார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, உள்ளே கேட்கும்படியாகவே, “வாக்குத்தத்தம் சரியாத்தான் வந்துச்சு, இவுங்க விசுவாசம்தான் பத்தல” என்றார்கள்.

ஒரு மத்தியானம் சித்தி என்னைக் கட்டிலருகே கூப்பிட்டாள்.

“அந்தச் சுருளைக் கண்ண மூடித்தானடா எடுத்த?”

எனக்கு அம்மாவின் விறகுக்கட்டை அடி ஞாபகம் வந்தது. “ஆமா சித்தி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்.”

“கண்ண மூடித்தான் எடுத்தேன்.”

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான்கு வருஷம் உயிரோடு இருந்தாள். தன் அவிசுவாசத்தை மன்னிக்கச் சொல்லித்தான் தினமும் ஜெபித்தாள். அடுத்த அறையில் நான் பாடம் படித்துக்கொண்டிருப்பேன்.

இப்போது எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஏசாயாவின் அந்த அதிகாரத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்நிய தேசத்தில் சிறைப்பட்டு, ஆண்டவர் தங்களை மறந்துவிட்டார் என்று ஓய்ந்து கிடந்த ஜனங்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. கட்டிலில் கிடந்த சித்திக்கு அது பொருந்தியிருக்கும். அந்த ஆறுதலும் அவளுக்குக் கிடைக்காமல் செய்துவிட்டேன்.

அன்று மத்தியானம் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த சந்தோஷத்தில் பந்து விளையாட ஓடினேன். ‘இல்லை சித்தி, நான்தான் பார்த்து எடுத்தேன்’ என்று சொல்லிவிடமாட்டேனா என்றுதான் அவள் இரண்டு முறை கேட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.