தொண்ணூற்றைந்து கிலோ அதிகம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரசாயனக் கழிவுகளை எரிக்கிற ஆலை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் உள்ள லாரி எடைமேடையில் ஒரு காலைப் பொழுதில் என் வேலை போகப் பார்த்தது.

எடைமேடை ஆபரேட்டர் ஏழுமலை கண்ணாடி ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினார். நான் பார்த்தேன். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். மறுபடியும் சீட்டைப் பார்த்தேன்.

"இன்னா மேடம், சரக்கு வர வழியில குட்டி போட்டுச்சா?" என்றார் ஏழுமலை.

எங்கள் கிடங்கிலிருந்து ஏற்றி அனுப்பியதைவிட லாரியில் தொண்ணூற்றைந்து கிலோ கஞ்சா அதிகமாக இருந்தது.

யார் பொறுப்பு

போதைப்பொருள் தடுப்பில் மத்திய அரசுத் துறை ஒன்றில் நான் சப்-இன்ஸ்பெக்டர். பிடிபட்ட சரக்கை வழக்கு முடியும்வரை வைத்திருக்கும் கிடங்குக்கு மால்கானா என்று பெயர். அதன் சாவி என்னிடம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான், அரசு வேலைக்கு வந்த முதல் ஆளும் நான்தான். இதை எங்கே சொல்லவும் நான் கூச்சப்படுவதில்லை. அப்பா இதே தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையில் லோடு ஏற்றுகிறார். கஞ்சாவை எரிக்கப் போகிறேன் என்று முதல்முறை சொன்னபோது, "கொளுத்துற வேலைக்கா இவ்ளோ படிச்ச? எங்க பாய்லர்ல போட்டா போச்சு" என்றார்.

அப்படிப் போட்டுவிட முடியாது. நீதிமன்றம் அனுமதி தர வேண்டும். மூன்று அதிகாரிகள் கொண்ட அழிப்புக் குழு கூடவே நிற்க வேண்டும். கிடங்கில் மூட்டை மூட்டையாக எடை போட வேண்டும். ஆலை வாசலில் லாரியோடு மறுபடி எடை போட வேண்டும். முந்தின நாளே வெறும் லாரியை இதே மேடையில் ஏற்றி எடை எடுத்து வைத்திருப்போம். டீசல், ஈரம் என்று பத்து கிலோவரை முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் போனால் லாரி திரும்ப வேண்டும், சாவி வைத்திருப்பவர்மீது விசாரணை வரும்.

எடை குறைந்தால் திருடிவிட்டாள் என்பார்கள். கூடினால் நல்ல சரக்கை எடுத்துவிட்டு வைக்கோலைத் திணித்துவிட்டாள் என்பார்கள். இரண்டிலும் அவள் நான்தான்.

பெரியவர் வருகை

அன்று குழுவுக்குத் தலைவராக வந்தவர் எங்கள் டி.டி.ஜி. சார், அதாவது துணைத் தலைமை இயக்குநர். தென்மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் மேலதிகாரி. பல வருடம் டெல்லியில் இருந்துவிட்டு வந்த மதுரைக்காரர். துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு நகைச்சுவை அவருக்கு அறவே பிடிக்காது. கிடங்கில் சரக்கு குறைந்தால் எலி தின்றுவிட்டது என்று கணக்கெழுதுவார்கள் என்பதுதான் அது. யாராவது 'எலி' என்று ஆரம்பித்தாலே அவர் முகம் மாறிவிடும்.

அதனால் ஒரு கட்டளை போட்டிருந்தார். எரிக்கிற நாளில் ஒரு மூட்டையும் தலைவர் கண்ணை விட்டு அகலக் கூடாது. போட்டவர் அதைத் தானே கடைப்பிடிக்கவும் செய்தார். ஆலை வாசலில் லாரி வரிசையில் நின்றபோது காரிலிருந்து இறங்கி, பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கி, உள்ளே ஏறிவிட்டார். ஒவ்வொரு மூட்டையின் அரக்கு சீலையும் டார்ச் அடித்துப் பார்த்து அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, கீழே நின்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது என் நேரடி மேலதிகாரி தயாளன் சார் காகிதங்களோடு என்னை எடைமேடை அறை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். போனேன். சாரும் இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். அதற்குள் வரிசை நகர்ந்தது. டிரைவர் லாரியை மேடையில் ஏற்றி நிறுத்தி, வழக்கப்படி தான் மட்டும் இறங்கிக்கொண்டார்.

சீட்டைப் பார்த்த தயாளன் சாருக்கு வியர்த்துவிட்டது. குழுவின் மற்ற இரண்டு உறுப்பினர்களும் வேறு துறைக்காரர்கள். அவர்கள் ஆலைத் தோட்டத்துச் செம்பருத்தியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தலைவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டுமே என்று அவரைத் தேடினோம். காரில் இல்லை, கழிவறையில் இல்லை, ஆலை மேலாளர் அறையிலும் இல்லை.

லாரிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நாப்பத்தி ரெண்டு, சீல் ஓகே. கீழ யாராவது எழுதுறீங்களா இல்லையா?"

இறங்கிய பிறகு

தலையிலும் மீசையிலும் கஞ்சாத் தூளோடு சார் இறங்கினார். நான்கு முறை தும்மினார். விஷயத்தைச் சொன்னோம். அவரே சிரித்துவிட்டு, மறுபடி எடை போடச் சொன்னார். போட்டார்கள். எங்கள் காகிதத்தோடு அப்படியே பொருந்தியது. எனக்கு உயிர் வந்தது.

ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார்.

"மேடம், மொதல் சீட்டும் கம்ப்யூட்டர்ல கீது, ரெண்டாவதும் கீது. ரெண்டும் மேலாபீசுக்குப் போய்ட்ச்சு. நானா அழிக்க முடியாது. இப்ப பாக்கறவன் இன்னா சொல்லுவான்? இந்த வாசல்லயே தொண்ணூத்தஞ்சு கிலோ காணோம்னுதான சொல்லுவான்?"

அவர் சொன்னது சரி. வந்தபோது இருந்தது, பத்து நிமிடத்தில் இல்லை. இடையில் லாரிக்குள் இருந்த ஒரே ஆள் தென்மாநிலங்களின் தலைமை அதிகாரி. ஒரு வக்கீலுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் டி.டி.ஜி. சாரின் உடல் எடை என்று மகஜரில், அதாவது நடந்ததை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கும் பதிவில், எழுதியே ஆக வேண்டும். எழுத வேண்டியவள் நான். அதற்கு அவர் எடை தெரிய வேண்டும்.

தயாளன் சார் என் காதருகே வந்தார். "நீயே கேட்டுரும்மா. உன் வயசுல பொண்ணு இருக்கு அவருக்கு. கோவிச்சுக்க மாட்டார்." சொல்லிவிட்டு அவரும் செம்பருத்திப் பக்கம் போய்விட்டார்.

நான் கேட்டேன். சார் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டே, "எழுபதுன்னு போட்டுக்கம்மா" என்றார்.

பேனாவைத் திறந்தேன். எழுதவில்லை. எழுபது போக இருபத்தைந்து கிலோ மிச்சம் நிற்கிறது. அந்த இருபத்தைந்து என் தலையில் விடியும். துறையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட முடியாத நான், அவருடைய வயிற்றைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டேன்.

"சார், இன்னும் இருபத்தஞ்சு கணக்கு வரல."

"எழுபத்தஞ்சு போடு."

"அப்பவும் இருபது நிக்குது சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மகஜரைப் பார்த்தேன். இந்த இடத்தில்தான் வேலை போகும் என்று நினைத்தேன். ஆனாலும் ஆரம்பித்ததை முடித்துவிடலாம் என்று, ரசாயன டிரம்களை எடை போடும் சின்ன மேடை ஒன்று உள்ளே இருப்பதாகச் சொன்னேன்.

சார் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "வாங்க" என்று அவரே முன்னால் நடந்தார். மேடைக்குப் பக்கத்தில் நின்று குனிந்தார்.

"ஷூவைக் கழட்டிடவா?"

"லாரியில ஷூவோடதான் சார் இருந்தீங்க."

டார்ச்சை மட்டும் ஓரமாக வைக்கப் பார்த்தார். அதுவும் லாரிக்குள் இருந்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. டார்ச்சோடு ஏறி நின்றார். சிவப்பு எண்கள் ஓடி, தொண்ணூற்று நான்கைத் தாண்டி நின்றன. செம்பருத்தி பார்த்தவர்கள் எல்லோரும் எப்போது வந்தார்களோ, எண்ணைச் சுற்றி நின்றார்கள்.

"இந்த மெஷின் சரியா இருக்கா?" என்றார் சார்.

ஏழுமலை பணிவாகச் சொன்னார். "டிரம்முக்கெல்லாம் கரெக்டாதான் சார் காட்டுது."

மகஜரை எழுதி நீட்டினேன். முதல் எடைபோடுதலின்போது குழுத் தலைவர் சரக்குடன் வாகனத்தினுள் இருந்தார் என்றும், அவருடைய எடை இன்னது என்றும், அதுவே வித்தியாசம் என்றும் எழுதியிருந்தேன். சார் இரண்டு முறை படித்தார்.

"இது கோர்ட்டுக்குப் போகுமில்ல?"

"போகும் சார்."

"வீட்டுல யாராவது பார்க்கணும்னா குடுப்பாங்களா?"

நகல் கேட்டு மனுப் போடலாம் என்று ஏழுமலை ஆரம்பித்தார். தயாளன் சார் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

டி.டி.ஜி. சார் பேனாவை வாங்கி, எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு கிலோவும் குறைக்கச் சொல்லவில்லை. மூட்டைகள் ஒவ்வொன்றாக உலைக்குள் போயின. கடைசி மூட்டை எரிந்து முடியும்வரை, தரையில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு

போட்டித் தேர்வுக்குப் படித்தபோது, உயர் அதிகாரியின் கடமைகள் என்று ஒரு பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன். ஒருங்கிணைத்தல், வழிநடத்தல், கண்காணித்தல் என்று வரிசையாக இருந்தன. தனக்குப் பிடிக்காத எண்ணுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது அதில் இல்லை. அன்று அவர் எழுபது என்றே அடம்பிடித்திருந்தால் அவருக்கு எதுவும் ஆகியிருக்காது. இருபத்தைந்து கிலோவுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. எடை போடும்போது தலைவர் உட்பட எவரும் வாகனத்தில் இருக்கக் கூடாது. சுற்றறிக்கை வந்தாலும் பெரியவர்கள் ஏறத்தான் செய்வார்கள், அவர்களுக்கு அக்கறை அதிகம். நீங்கள் லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்கள். யார் இருந்தாலும் இறங்கச் சொல்லுங்கள். முதலில் முறைப்பார்கள். பிறகு இறங்குவார்கள்.