பூட்டி வைத்த குளிசை

பாமசியில் நிற்கிறவனுக்கு மருந்து கொடுப்பது லேசான வேலை; கொடுக்காமல் விடுவதுதான் முதுகை முறிக்கிற வேலை. கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற என் சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. ஆபத்தைப் பார்த்துச் சட்டம் மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கிறது. பலசரக்குக் கடையிலும் விற்கலாம் என்பது ஒரு வகை. பாமசிஸ்ட் விசாரித்துப் பார்த்துக் கொடுக்கலாம் என்பது அடுத்தது. டொக்டர் மருந்தெழுதின துண்டு இருந்தால் மட்டும் கொடுப்பது மூன்றாவது. கடைசி வகையை அலுமாரியில் பூட்டி வைத்து, பதிவெழுதித்தான் கொடுக்க வேண்டும்.

கல்முனையில் பதினாறு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருவன் ஒரு மாதக் குளிசையால் சவூதியில் ஜெயிலுக்குப் போகப் பார்த்த கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இரண்டு சின்னக் கதை கேளுங்கள்.

பழைய துண்டு

சாகாமத்தில் வயல் செய்கிற ஹாஜியார் ஒருவர் பொலித்தீன் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த துண்டை எடுத்து நீட்டினார். அன்டிபயோட்டிக். எழுதி வருடக்கணக்காகிறது. எழுதின டொக்டரின் ஜனாஸா அடக்கத்துக்கு நானே போயிருக்கிறேன். "இவர் மௌத்தாகிட்டாரே ஹாஜியார், இந்தத் துண்டுக்கு எப்பிடி மருந்து தாற?" என்றேன். எனக்கு இவ்வளவுதானா அறிவு என்பது போல அவர் என்னைப் பார்த்தார்.

"டொக்டர்தான் மௌத்தாகினாரு மனே, துண்டு மௌத்தாகல்லயே!"

நல்ல சாமான்

மீன் வியாபாரம் செய்கிற தம்பிராசா அண்ணனுக்குத் தலையிடி, லேசான காய்ச்சல். பரசிட்டமோல் காட் ஒன்று கொடுத்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கமே தள்ளிவிட்டார். இங்கேதான் நம் சனம் சட்டத்தையே தலைகீழாகப் படித்து வைத்திருக்கிறது. ஆபத்தென்று பூட்டி வைத்தால், சொந்தக்காரருக்கு ஒளித்து வைத்த விசேஷமான சாமான் என்று நினைத்துக்கொள்கிறது. அவருக்கு இதை எத்தனை தரம் விளங்கப்படுத்தியிருப்பேன்!

"இதச் சவுக்காரத்தோட சேத்துப் பெட்டிக்கடையிலயும் விக்கிறாங்க தம்பி, அந்த அலுமாரிக்குள்ள இருக்கிற நல்ல சாமானத் தாங்க."

சவூதிக்குக் கட்டின பேக்

பக்கத்துத் தெருப் பரீதா ராத்தாவுக்கு நரம்பு வலி. துண்டு புதுசு, பெயரும் அவருடையது. ஒரு மாதக் குளிசையைச் சட்டப்படி எண்ணிக் கொடுத்தேன். வாங்கினவர், "தண்ணி படாத பையொண்டில போட்டுத் தாங்க தம்பி, றியாஸ்ட பேக்கில வெக்கணும்" என்றார். மகன் றியாஸுக்கு அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு எயார்போட்டுக்கு வேன், விடியச் சவூதிக்குப் பயணம். அவனுக்கும் முதுகு வலியாம், அறையில் இருக்கிற பொடியன்மாருக்கும் வலியாம். இங்கே துண்டுக்குக் கொடுக்கிற இந்தக் குளிசை அங்கே போதைக் குளிசையோடு சேர்த்தி. அவன் பெயரில் துண்டில்லாமல் பிடிபட்டால் வேலை மட்டுமா போகும்? சொன்னேன். "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டு ராத்தா போய்விட்டார்.

அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. பாமசிஸ்ட் இல்லாமல் பாமசி திறந்திருக்கக் கூடாதென்பதும் சட்டந்தானே, ஷட்டரை இழுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ராத்தா வீட்டுக்குப் போனேன். பேக் கட்டி முடிந்திருந்தது. றியாஸைக் கொண்டே அவிழ்க்க வைத்தேன். கருவாடு, தொதல், மிளகாய்த்தூள், எல்லாவற்றுக்கும் அடியில் சுருட்டின காலுறைக்குள் முழு மாதக் குளிசையும் இருந்தது. ராத்தா தன் வலியைப் பொறுத்துக்கொண்டு ஒன்றைக்கூட எடுக்காமல் வைத்திருக்கிறார், அல்லாஹ்! கோபத்தோடு வந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. "கண்டபடி குளிசை போடாம, அங்க போய் டொக்டரிட்டக் காட்டு" என்று அவனிடம் சொல்லி, குளிசைக் காட்களை ராத்தாவின் கையிலேயே கொடுத்தேன். றியாஸ் பேக்கைத் திரும்பக் கட்டினான். ராத்தா என் பக்கம் திரும்பினார்.

"தாய் புள்ளைக்குக் குளிசை குடுக்கிறத்துக்கும் சட்டமா? நீங்களெல்லாம் ஒரு மனிசனா?"

ஒரு மாதத்துக்குப் பிறகு

ராத்தா அடுத்த துண்டோடு வந்தார். சலாம் சொல்லவில்லை. மருந்தை எடுத்துக்கொண்டே, மகன் சுகமாகப் போய்ச் சேர்ந்தானா என்று கேட்டேன். சேர்ந்தானாம், வேலையும் தொடங்கிவிட்டானாம். சவூதி எயார்போட்டில் பேக்கைக் கொட்டி, காலுறையைக்கூட விரித்துப் பார்த்துத்தான் விட்டார்களாம். எண்ணின குளிசையைத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லி முடிக்குமுன்னே ராத்தா தொடங்கினார்.

"அப்பிடித் தேடியும் ஒண்டும் கிடைக்கல்லயாம், நீங்கதான் வீணா எங்களப் பயங்காட்டி, புள்ளைய வலியோட அனுப்ப வெச்சிட்டீங்க!"

நடக்காமல் போன ஒன்றுக்காக இந்தத் தொழிலில் யாரும் நம்மை மெச்சப் போவதில்லை, ஏச்சு மட்டும் ஒரு மாதம் கழித்தாவது தவறாமல் வந்து சேரும்.