மதினி அனுப்பிய தலைப்பில்லாக் கட்டுரைகள்

என் கணவரின் அக்கா திண்டுக்கல்லில் இருக்கிறார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தோட்டம் போட்டுப் பார்த்தார், ஜெபக்கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தார். கடைசியில் லிங்க் அனுப்புவதில் வந்து நின்றார். மூட்டுவலி, கருஞ்சீரகம், செவ்வாய்க் கிரகம், யாரோ ஒரு போதகரின் பிரசங்கம், பன்றிக்கறி வறுவல் எல்லாம் அவர் பல் துலக்குவதற்கு முன்பே எனக்கு வந்துவிடும்.

நான் மலைமேல் வட்டக்கானலில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் வேலை பார்க்கிறேன். அங்கே சிக்னல் கிடையாது. வைஃபை விருந்தினருக்கு மட்டும் என்பது முதலாளியின் சட்டம். அதனால் மதினி அனுப்புவதை வீட்டிலேயே ஒரு வாசிப்புச் செயலியில் சேமித்துவிடுவேன். எங்கள் வீடும் பள்ளத்தில்தான், சிக்னல் வரும் போகும். வேலைக்குப் போகும் வழியில் ஊருக்குள் நுழைந்ததும் கட்டுரைகள் தாமாகவே செயலியில் இறங்கிக்கொள்ளும். விருந்தினர்கள் ஊர் சுற்றக் கிளம்பியதும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன்.

அந்தச் செயலிக்கு ஒரு வியாதி இருந்தது. கட்டுரை முழுசாக வரும், தலைப்பு மட்டும் வராது. திறந்தால் மேலிருந்து கீழ்வரை ‘தலைப்பு இல்லை’, ‘தலைப்பு இல்லை’ என்று ஒரே பெயரில் வரிசை கட்டி நிற்கும். பிரசங்கம் என்று நம்பித் தொட்டால் பன்றிக்கறி வரும். அதுவும் நாங்கள் கறி தொடாத லெந்து நாட்களில்.

எது என்னவென்று தெரியாததால் எல்லாவற்றையும் படித்தேன். சாயங்காலம் மதினி போன் செய்வார்.

“படிச்சியாத்தா?”

“படிச்சேன் மதினி. செவ்வாயில முன்ன தண்ணி ஓடுச்சாம்ல.”

“அப்படியா போட்டிருக்கு?” என்று ஆச்சரியப்படுவார். படித்ததையே பிறர் சொல்லும்போது புதிதாகக் கேட்கிறாரே, என்ன பணிவு என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் செயலியைச் செய்தவருக்கு எழுதினேன். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை, எங்கோ தனியாக உட்கார்ந்து செய்கிற ஒரு ஆள். மரியாதையாகப் பதில் போட்டார். எப்போதுமே இப்படியா, சிக்னல் இல்லாத இடத்தில் மட்டுமா, கொஞ்சம் சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

என் கணவர் டாக்சி ஓட்டுகிறார். போலீஸ் வேலைக்குப் போய் உயரம் போதாமல் திரும்பி வந்தவர். சோதனை என்று கேட்டதும் அவருக்குள் படுத்திருந்த இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார்.

எனக்கு லீவு கிடைத்த அன்று, கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றைத் தூண்பாறைக்கு ஏற்றிப் போகிற வண்டியில் என்னையும் முன்சீட்டில் உட்காரவைத்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவில் ஓரங்கட்டினார்.

“ம், இப்ப சேவ் பண்ணு. தலைப்பு வருதா?”

“வருதுங்க.”

அடுத்த வளைவில் சிக்னலே இல்லை, தலைப்பும் வரவில்லை. அதற்கடுத்த இடத்திலும் நிறுத்தினார். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் இறங்கி, மூடுபனியையும் அதற்கு முன்னால் இருந்த குப்பைத்தொட்டியையும் பக்தியோடு படம் பிடித்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் கேட்டேவிட்டார்.

“ஏனுங் தம்பி, இது என்ன பாயிண்டுங்?”

“இதுக்கு இன்னும் பேரு வைக்கலைங்க சார்.”

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு படம் எடுத்தார்.

எங்களுக்கு விஷயம் பிடிபட்டது. சேமிக்கிற நேரத்தில் சிக்னல் இல்லாவிட்டால் தலைப்பு போனது போனதுதான். கட்டுரை பிறகு இறங்கினாலும் செயலி தலைப்பைத் திரும்பத் தேடுவதில்லை. எழுதி அனுப்பினேன். செய்தவர் நன்றி சொல்லி, வெரசாகவே சரிசெய்தும் விட்டார்.

தலைப்புகள் வந்தன. ‘இந்த ஒரு காய் போதும், டாக்டர் எதற்கு?’ ‘இதைப் படிக்காமல் தூங்காதீர்கள்!’ நான் படிக்காமலேயே நன்றாகத் தூங்கினேன். தலைப்பைப் பார்த்தாலே போதும் என்று ஆகிவிட்டது. மதினி போனில் கேட்டால் மழுப்புவேன்.

“ஒனக்கு இப்பல்லாம் சோலி ஜாஸ்தி போல” என்றார் ஒருநாள், குரல் இறங்கி. பிறகு லிங்க் வந்தது, போன் வரவில்லை. சாயங்காலங்களில் அது உறுத்தியது. வரும்போது தொந்தரவாக இருந்த போன்தான்.

“அந்த ஆளுக்கு எழுதி, தலைப்ப மறுபடி எடுத்துவிடச் சொல்லு” என்றார் என் கணவர்.

மே மாதம் மதினியே மலையேறி வந்தார். நான் அடுப்படியில் வில்பட்டி பீட்ரூட்டைத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். என் போனை எடுத்துப் பார்த்தவர், “ஒண்ணையும் தொறக்கவே இல்லயா?” என்றார்.

இனி மறைத்துப் பயனில்லை. “தலைப்பப் பாத்தா படிக்கத் தோணல மதினி.”

அழப்போகிறார் என்று பயந்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நான் மட்டும் படிச்சேன்னா நெனைச்ச? தலைப்பப் பாப்பேன், தள்ளிவிட்ருவேன். நீ போன்ல சொல்லித்தான் உள்ள என்ன கெடக்குன்னு எனக்கே தெரியும். செவ்வாயில தண்ணி ஓடுனத சபைப் பொம்பளைங்க கூட்டத்துல வேற சொல்லி நல்ல பேரு வாங்கிட்டேன்.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எத்தனை மூட்டுவலியை நான் ஒருத்தியாகவே சுமந்திருக்கிறேன்! அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்ததும் நானும் சிரித்துவிட்டேன்.

“சரி, இன்னைக்கி ஒண்ணாவது சேந்து படிப்போம்” என்று மேலே இருந்ததைத் திறந்தார். மருதாணியோடு பீட்ரூட் சாறு கலந்து நரையை மறைப்பது எப்படி என்று இருந்தது. பீட்ரூட் கையிலேயே இருந்ததால் பாதி படித்ததுமே அரைக்கப் போய்விட்டோம். நெற்றியில் படாமல் பூச வேண்டும் என்பது மீதிப் பாதியில் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். நெற்றிச் சிவப்பு போகவில்லை. ஆராதனை முழுக்க முக்காட்டைப் புருவம்வரை இழுத்துவிட்டுக் குனிந்தே உட்கார்ந்திருந்தோம். வெளியே வரும்போது போதகரின் மனைவி எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு தாழ்மையைப் பார்த்ததே இல்லை என்றார்.