கரையில் நின்று வாங்கிய கோப்பை

என் சகலை லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் கிரீஸ் அப்பிய கையோடு நின்று, நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்து, "பயப்படாதீங்க, இதோ ஆச்சு" என்று கத்துவார். ஏழாவது நாள் ஏரியில் போய்த் தானே மாட்டிக்கொள்வார். எக்கேடோ கெடட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அவருடைய பாய்ப்படகு இரண்டு பேர் ஓட்டுகிற படகு, அந்த இரண்டாவது ஆள் நான். அவர் மனைவியும் என் மனைவியும் அக்கா தங்கை என்ற ஒரே குற்றத்துக்காகப் பத்தொன்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பச்சைத் தண்ணீரில் நனைந்திருக்கிறேன்.

பாய்ப்படகு ஓட்ட வெயில்காலம் என்று ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு, மூக்கு இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர்காலத்தில் பதினோரு ஞாயிறு பந்தயம் வைக்கிறது அந்தக் கிளப். டிங்கி என்கிற சின்னப் படகுகளும், இரண்டு படகை ஒட்டவைத்த மாதிரி இருக்கும் கேட்டமரான்களும் ஒன்றாகவே ஓடும். கட்டுமரம் என்ற நம்முடைய சொல்லை வாங்கிக்கொண்டு போய், பளபளவென்று தேய்த்து, நாம் வாங்க முடியாத விலையில் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். வேகமான படகுக்கு நேரத்தில் சலுகை குறைவு, மந்தமான படகுக்கு அதிகம். எங்கள் படகுக்கு இருப்பதிலேயே பெரிய சலுகை. அப்படியும் நாங்கள்தான் கடைசி.

முதலாவதாக வந்தால் ஒரு பாயிண்ட், இரண்டாவதுக்கு இரண்டு, இப்படியே போகும். பதினோரு வாரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைச்சலோ அவருக்குக் கோப்பை. கிளப் அறையில் ஒரு மரப்பலகை உண்டு. ஜெயித்தவர் பெயரை அதில் தங்க எழுத்தில் போடுவார்கள். கடைசி ஆறு வருஷமும் ஒரே பெயர்தான், கிளப் செயலாளரான பல் டாக்டருடைய பெயர். ஏரியிலேயே பெரிய கேட்டமரான் அவருடையது. அவர் சிரிக்கும்போது நம்முடைய பல்லை எண்ணுகிற மாதிரியே இருக்கும்.

போன குளிர்காலம் தொடங்குவதற்கு முன் அக்கா ஒரு நிபந்தனை போட்டார். மனைவியின் அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா தையல்காரி. படுக்கையறையில் இரண்டு தையல் மெஷின், கட்டில்மேல் துணி, கதவுக்குப் பின்னால் துணி. அளவு கொடுக்க வருகிறவர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார வேண்டும். வாசல் பக்கத்து கார் ஷெட்டிலோ படகு கால் நீட்டிப் படுத்திருந்தது.

"பத்தொன்பது வருஷம் பொறுத்தாச்சு. இந்தக் குளிர்காலம் மட்டும் பாருங்க. அந்தப் பலகைல உங்க பேர் வந்துச்சுன்னா உங்க போட்டு ஷெட்டுலயே இருக்கட்டும், நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா ஷெட்டு எனக்கு, போட்டை வித்துடுங்க."

சகலை சரி என்று தலையாட்டிவிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முடியுமா?" என்று கேட்டார்.

"நல்ல விலைக்கு வித்துடலாம்," என்றேன். ஞாயிற்றுக்கிழமை போர்வைக்குள் கிடக்கலாமே என்ற ஆசை எனக்கு.

முதல் ஞாயிறு வானம் கறுத்து, காற்று பேயாய் அடித்தது. பல் டாக்டர், தொண்டை கரகரப்பு என்று போன் செய்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மற்றவர்களும் சொல்லிவைத்தாற்போல் கம்பி நீட்டினார்கள். ஏரியில் இறங்கியவை இரண்டே படகு. ஒன்று எங்களுடையது, இன்னொன்று ஜோடிப்புறாவுடையது. அது ஒரு கணவன் மனைவிக்குக் கிளப் வைத்த பெயர். தண்ணீரில் இறங்கியதும் சண்டை ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்கு, படகுகள் சுற்றி வர வேண்டிய இரண்டாவது மிதவை அருகே, "உங்க அம்மா சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்" என்று அந்த அம்மாள் கத்தியது எங்கள் காது வரைக்கும் வந்தது. அதோடு படகைக் கரைக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு தடவை கவிழ்ந்து, இரண்டு தடவை நிமிர்த்தி, ஒன்றேகால் மணி நேரம் கழித்து முடிவுக்கோட்டைத் தாண்டினோம். ஹாரன் ஒலித்தது. வாழ்நாளில் முதல்முறையாக முதலிடம்.

அன்றைக்கு சகலை முகத்தைப் பார்க்க வேண்டுமே! உதடு நீலம் பாரித்திருந்தது, கண் மட்டும் தீபாராதனை மாதிரி ஜொலித்தது. வீட்டுக்குப் போனதும் அக்கா, "என்ன ஆச்சு?" என்றார். "ஃபர்ஸ்ட்," என்றார் சகலை. அக்கா நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் சத்தியம் செய்தேன்.

இரண்டாவது ஞாயிறு டூட்டிக்காரர் வரவில்லை. பந்தயத்தில் ஓடாமல் கரையில் நின்று கொடி ஏற்றி, ஹாரன் அடித்து, ஒவ்வொரு படகும் வந்த நேரத்தை எழுதுகிறவர்தான் டூட்டிக்காரர். உறுப்பினர்கள் முறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் டிமிக்கி கொடுப்பது வழக்கம், அதைச் சகலை தலையில் கட்டுவது அதைவிடப் பழைய வழக்கம். "உங்களை விட்டா யார் இருக்கா?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் உருகிவிடுவார். கிளப்பில் அவருக்குப் பெயரே டூட்டி. அன்றைக்கும் அவர்தான் கரையில் நின்றார்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் பாயிண்ட் பட்டியல் தொங்கியது. சகலை பெயருக்கு நேரே இரண்டாவது வாரத்துக்கும் ஒன்று என்று போட்டிருந்தது.

"தப்பா போட்டிருக்காங்க," என்றார் சகலை.

தப்பில்லை. டூட்டி பார்ப்பவருக்கு நஷ்டம் வரக்கூடாது, அவர் ஓடிய பந்தயங்களின் சராசரியே அன்றைக்கும் அவருக்குப் பாயிண்ட் என்று போன வருஷப் பொதுக்கூட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்திருந்தார்கள். கொண்டுவந்தவர் சாட்சாத் பல் டாக்டர். தன் முறை வரும் நாளில் தன்னுடைய ஒன்றாம் இடம் போய்விடக்கூடாதே என்ற கவலை அவருக்கு. சகலை ஓடியது ஒரே பந்தயம், வந்தது முதலிடம். ஒன்றின் சராசரி ஒன்று. இனி ஏரியில் கால் வைக்காத வரைக்கும் உலகத்தில் எவனாலும் அவரை ஜெயிக்க முடியாது.

நாங்கள் இருவரும் அந்தக் காகிதத்தின் முன்னால் வெகுநேரம் நின்றோம். "இது முறையா சகலை?" என்று கேட்டார். "ரூல் போட்டவரே கவலைப்படலை, உங்களுக்கென்ன?" என்றேன். இன்னும் ஒன்பது வாரம் நனையாமல் இருக்கலாம் என்ற என் சுயநலத்தை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒருவருக்கு மாமனார் வந்தார், நாலாவது வாரம் இன்னொருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ஐந்தாவது வாரம் பல் டாக்டரே போன் செய்து, "நம்ம டூட்டியைக் கொஞ்சம் நீங்களே பாத்துடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். சகலைக்குப் புண்ணியம் சேர்ந்தது, பாயிண்டும் சேர்ந்தது. பட்டியலில் அவரவர் வரியைத் தவிர அடுத்தவர் வரியைப் படிக்கிற பழக்கம் அந்தக் கிளப்பில் யாருக்கும் இல்லை.

வீட்டில்தான் சிக்கல். ஒவ்வொரு ஞாயிறும் படகை டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போவோம், கிளப் வாசலில் நிறுத்திவைப்போம், அப்படியே திரும்ப இழுத்துக்கொண்டு வருவோம். கிளப்பிலிருந்து கிளம்புமுன் குழாயில் இரண்டு பக்கெட் தண்ணீர் பிடித்துப் படகின்மேல் ஊற்றுவேன். சகலையின் ரப்பர் உடுப்பையும் காலுறையையும் முக்கிப் பிழிந்து பையில் போடுவேன். அக்கா கதவைத் திறந்து, "என்ன ஆச்சு?" என்பார். "ஃபர்ஸ்ட்," என்பார் சகலை, தரையைப் பார்த்துக்கொண்டு. பொய் இல்லையே! அந்த வார்த்தைக்கு வாரத்துக்கு வாரம் சத்தம்தான் குறைந்துகொண்டு வந்தது.

ஒன்பதாவது வாரம் முடிந்ததும் பல் டாக்டர் பட்டியலை முழுசாகப் படித்துவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பத்தாவது ஞாயிறு பந்தயம் முடிந்தவுடன் அவசரக் கூட்டம். ஈரக் காலுறைகள் ஹீட்டர்மேல் காய்ந்துகொண்டிருந்த அறையில் எல்லோரும் மூக்கை உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு ரேஸ் ஓடிட்டுக் கோப்பையா? இது ஏமாத்து வேலை!" என்றார் பல் டாக்டர்.

"விதி உங்களுது," என்றேன் நான்.

"நான் உங்ககிட்ட பேசலை. டூட்டி, நீங்க சொல்லுங்க. ஆம்பளையா கடைசி ரேஸை ஓடுங்க."

கணக்கு அவருக்குத் தெரியும். சகலை ஓடினால் பன்னிரண்டு படகில் பன்னிரண்டாவதாக வருவார், டூட்டி வாரங்களின் சராசரியும் அதோடு ஏறிவிடும், கோப்பை டாக்டருக்கு. கரையில் நின்றால் கோப்பை சகலைக்கு, படகும் ஷெட்டிலேயே இருக்கும். நான் மேசைக்கடியில் சகலையின் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் ஓடுறேங்க. எனக்கும் ஓடணும்னுதான் ஆசை. ஒன்பது வாரமா கையில ஹாரனை வச்சுக்கிட்டு உங்களையெல்லாம் பாத்துக்கிட்டே நிக்குறேன், வயிறு எரியுது. அடுத்த வாரம் யாராவது டூட்டி பாருங்க, நான் ஓடுறேன்."

அடேயப்பா, அப்போது பார்க்க வேண்டும் அந்த அறையை! ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். ஜோடிப்புறாவில் கணவர் கையைத் தூக்கப் பார்த்தார், மனைவி பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். "நீங்களே பாக்கலாமே டாக்டர்?" என்று ஒரு குரல் வந்தது. "நான் பாத்தா அன்னைக்கு யார் ஜெயிக்கிறது?" என்றார் டாக்டர், உண்மையாகவே புரியாமல். நேர்மைக்காகக் கூட்டம் போட்ட அத்தனை பேரில், அதற்காக ஒன்றரை மணி நேரம் குளிரில் நிற்க ஒரு ஆள் இல்லை. சகலை எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "சரி, நானே பாத்துக்கிறேன்," என்று உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பந்தயத்தில் டாக்டர் அபாரமாக ஓட்டி முதலில் வந்தார். அவருக்கு ஹாரன் அடித்தது சகலைதான்.

பரிசளிப்புக்கு அக்கா வந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கிளப்புக்குள் கால் வைத்தார். புதுச் சட்டை தைத்துச் சகலைக்குப் போட்டு அழைத்து வந்திருந்தார். வேண்டாம் என்று நாங்கள் எவ்வளவோ மழுப்பிப் பார்த்தோம், நடக்கவில்லை.

பல் டாக்டர் மைக்கைப் பிடித்தார். "பதினோரு பந்தயத்தில் ஒரே ஒரு பந்தயத்தில் படகு ஓட்டி, மீதி பத்திலும் கரையில் நின்றபடியே முதலிடம் பெற்ற நமது டூட்டி அவர்களுக்கு..." என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கடித்துத் துப்பினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். அக்காவும் கைதட்டினார். ஆனால் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அக்கா கோப்பையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்தார்.

"பத்தொன்பது வருஷமா அந்த ஏரிச் சேத்தைத் துவைச்சவ நான். இந்த வருஷம் காலுறைல வந்தது பைப்புத் தண்ணி. அதுகூடவா எனக்குத் தெரியாது?"

 நான் வாசலைப் பார்த்தேன்.

"தம்பி, எங்க போறீங்க? பக்கெட்டைத் தூக்குனது நீங்கதானே, உக்காருங்க," என்றார் அக்கா. பிறகு அவரிடம் திரும்பினார். "நான் என்னமோ நீங்க ஓடவே போகாம வந்து என்கிட்ட ஃபர்ஸ்ட்னு பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன். பாவம், சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டேன். இப்பப் பாத்தா நெஜமாவே ஜெயிச்சிருக்கீங்க. அதுதாங்க எனக்குத் தாங்கலை."

"வந்து..." என்றார் சகலை.

"நான் பேச்சு மாற மாட்டேன். பலகைல பேர் வந்தாச்சு, போட்டு ஷெட்டுலயே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இவ்வளவு நாள் போட்டை வச்சுக்கிட்டு ஒரு தடவைகூட வராத கோப்பை, போட்டைத் தொடாம இருந்தப்ப வந்திருக்கு. அப்புறம் எதுக்குங்க அந்தப் போட்டு?"

   அக்கா படுக்கையறைக்குப் போய், கட்டில்மேல் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு மெஷினில் உட்கார்ந்தார்.

விற்கச் சொன்னது அக்கா இல்லை. சகலையேதான் அடுத்த வாரம் கிளப் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார். ஒரு தபால்காரரும் அவர் மகளும் வாங்க வந்தார்கள். அன்றைக்கு ஞாயிறு, வசந்தகாலப் பந்தயங்களின் முதல் நாள். படகு எப்படிப் போகிறது என்று ஓட்டிக் காட்டச் சொன்னார்கள்.

ஓட்டிக் காட்டினோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பத்தொன்பது வருஷத்தில் அந்தப் படகு அப்படிப் போனதில்லை. காற்று அளவாக அடித்தது. சகலை சுக்கானைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். கோப்பை வாங்கிய அன்றைக்குக்கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. தண்ணீர் முகத்தில் அடித்தது, சட்டைக்குள் இறங்கியது. எப்போது கரைக்குப் போவோம் என்று இத்தனை வருஷம் முனகிய நானே, "இன்னொரு ரவுண்டு போலாம் சகலை" என்றேன்.  அவரும் பாயை இழுத்துப் பிடித்தார்.

அந்த ரவுண்டில் பாதி போயிருப்போம். கரையில் பல் டாக்டர் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார்.

"டூட்டி! இன்னைக்கு டூட்டிக்காரர் வரலை! கொஞ்சம் வாங்களேன்!"

"திரும்பிப் பாக்காதீங்க," என்றேன். "கத்திக்கிட்டே கிடக்கட்டும். இனிமே பாயிண்டும் கிடையாது, போட்டும் கிடையாது. உங்களுக்கு என்ன தலையெழுத்து? இந்த ஒரு ரவுண்டையாவது முடிங்க சகலை!"

அவர் மிதவையைப் பார்த்தார். பிறகு கரையில் தயாராக நின்ற படகுகளைப் பார்த்தார்.

"இத்தனை பேர் கிளம்பி வந்து நிக்கிறாங்களே சகலை. யாராவது ஹாரன் அடிக்கணுமில்ல?"

சுக்கானைக் கரைப் பக்கம் திருப்பினார்.