மூன்றாவது வீட்டுக் கதவு சாத்திய பிறகு

எங்கள் நாடகத்துக்கு வருகிற ஜனத்தை நான் எப்போதும் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். மேடையின் இடது ஓரத்தில் என் கீபோர்டு. அதைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டுக்கொண்டால் நடிக்கிறவர்களும் தெரிவார்கள், பார்க்கிறவர்களும் தெரிவார்கள். பகலில் எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் பார்க்கிற வேலை. அளவு சரியா, மரை சரியா என்று பார்த்துச் சரியில்லாததைத் தள்ளுவது. இருபது வருடமாக இதையே செய்கிறவனுக்கு மனிதர்களையும் அப்படியே பார்க்கிற புத்தி வந்துவிடும். என் மனைவி இதை வேறு வார்த்தையில் சொல்வாள். அது இங்கே வேண்டாம்.

ஆடி மாதம் வந்தால் நான் நாடகக்காரன். ஒன்பது பேர் கொண்ட குழு, ஒரே நாடகம், முக்கால்வாசி பாட்டு. ஒவ்வோர் அம்மன் கோயில் திருவிழாவுக்கும் ஒரு வேனில் ஏறிப் போவோம். மைக்குக்குப் பத்து மணி வரைதான் அனுமதி என்பதால் ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம். கதை சின்னது. காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் ஊருக்குள் வந்து தண்ணீர் கேட்கிறாள். மூன்று வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். மூன்றையும் சாத்திவிடுகிறார்கள். குழந்தை செத்துப்போகிறது. தாய் அம்மனாக எழுந்து ஊரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாள்.

எழுதியதும் குழுவை நடத்துவதும் வாத்தியார். தாயும் அம்மனும் ஒரே ஆள், எங்கள் கதாநாயகி. ஐம்பதை நெருங்குகிற வயது. குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா. மற்ற மாதங்களில் கரையான்சாவடியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறார். நாள் பூராவும் நின்றுகொண்டு, வாங்கப் போவதில்லை என்று முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும் முப்பது புடவை பிரித்துக் காட்டுவார். அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

மூன்றாவது கதவு சாத்தியதும் மேடையில் விளக்கு அணையும். அந்த இரண்டு நிமிடத்தில் அக்கா பின்னால் ஓடி, முகத்தில் மஞ்சள் பூசி, கிரீடம் வைத்துக்கொள்ள வேண்டும். தயார் என்று தெரிந்ததும் நான் பம்பைக்காரருக்குக் கை காட்டுவேன். பம்பை முழங்கும், சிவப்பு விளக்கு எரியும், சூலத்தோடு அம்மன் வருவாள். அதற்கப்புறம் நாடகம் என்று ஒன்று இருக்காது.

கரையான்சாவடியில் சாலையோரம்தான் மேடை. பைக்கில் போகிறவர்கள் ஒரு காலை ஊன்றி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்ப்பார்கள். கதவைச் சாத்துகிற நடிகரைப் பார்த்து, "யோவ், ஒரு சொம்பு தண்ணி குட்த்தா இன்னாய்யா கொறஞ்சிடுவே?" என்று கத்துவார்கள். அம்மன் வந்ததும் ஹெல்மெட் இறங்கும், செருப்பு கழலும், செல்போன் உயரும். வெள்ளானூரில் பழைய ஊர்க்காரர்கள் முன்னால் பாயில் உட்காருவார்கள். புது வீடு கட்டிக் குடிவந்தவர்கள் பின்னால் நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு. ஆனால் அம்மன் வந்ததும் முதலில் ஓடிவருவது நாற்காலிக்காரர்கள்தான். இதை நான் மூன்று வருடமாகப் பார்த்துவிட்டேன், மாறவில்லை.

ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டு விழா மாதிரி கை தட்டுவார்கள். ஒருவர் இடைவேளையில் என்னிடம் வந்து, "எங்க ஊர்ப் பக்கம் இதை ஒரு கட்டை மேல பாடுவாக" என்றார். சரி, பாடட்டும். அங்கேயும் அம்மன் வந்ததும் தட்டுவது நின்றது. தொழிற்சாலைக்காரர்கள் இல்லையா, வரிசை கட்டி வந்தார்கள். ஒரு அம்மா அக்காவின் காலில் விழுந்து, "எங்க வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்ஃபர் வரக் கூடாது தாயே" என்றார்.

அக்கா அத்தனை பேர் தலையிலும் வேப்பிலையால் தட்டி, திருநீறு பூசி, சூலத்தைத் தூக்கிய கையை இறக்காமல் நிற்பார். கற்பூரம் ஏற்றுவார்கள். எலுமிச்சை மாலை விழும். நாலு பெண்களாவது சாமி வந்து ஆடுவார்கள். எல்லாம் அடங்கியதும் வாத்தியார் திரையை இழுத்துவிடுவார்.

ஆனால் நாடகம் அதோடு முடியவில்லை. எழுதிய கதையில் இன்னும் ஒரு காட்சி உண்டு. கோபம் தணிந்த அம்மன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் தாயாக உட்கார்ந்து, செத்த குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். எட்டு நிமிடப் பாட்டு. மெட்டு நான் போட்டது, அதனால் இந்த விஷயத்தில் என்னை நடுநிலையாளன் என்று யாரும் எண்ண வேண்டாம். மூன்று ஆடியாக, போன வருடத்தின் கடைசி மேடை வரைக்கும், ஓரிடத்திலும் அந்தப் பாட்டு பாடப்படவில்லை. ஒத்திகையில் பாடியதோடு சரி.

"தீபாராதனை ஆனப்பறம் எவன் நைனா ஒக்காந்து பாட்டு கேப்பான்?" என்பார் வாத்தியார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. அப்படியானால் பாட்டை முன்னால் போடலாமே, அம்மன் வருவதற்கு முன்பே, தண்ணீர் கிடைக்காத தாய் குழந்தையைத் தூங்கப்பண்ணுகிற மாதிரி பாடட்டுமே என்றேன். "தாலாட்டு பாடினா ஜனம் தூங்கிடும். அப்பால அம்மன் வந்தா எவன் எழுந்துப்பான்? போ, போய் ஒயர மடி" என்றார்.

வேனில் திரும்பும்போது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து மஞ்சளைத் துடைப்பார். "இன்னைக்கும் ஒருத்தர்கூட பாட்டு எப்படி கீதுன்னு சொல்லல தம்பி. எல்லாரும் காலைத்தான் பாக்கறாங்க." சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன ஆடியில் அக்காவின் குரல் மேலே போகும்போது கரகரத்தது. ஜவுளிக்கடையில் கத்திக் கத்தி அப்படி ஆகிறது என்று நினைத்தேன். பாரிவாக்கம்தான் அந்த வருடத்தின் கடைசி மேடை. அன்று சாயங்காலம் போகும்போது வேனில் அவரே எனக்கு மட்டும் சொன்னார். தொண்டையில் ஒரு முடிச்சு. உயிருக்கு ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் ஆபரேஷன். "பேச்சு வந்துரும்மா, ஆனா மேல் ஸ்தாயிக்கு நான் உத்தரவாதம் தர முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்தத் தாலாட்ட ஒரே ஒரு தபா ஜனத்து முன்னாடி பாடியிருக்கலாம் தம்பி. அதுதான்."

நான் அவர் பக்கம் திரும்பிச் சொன்னேன். "மூணாவது கதவு சாத்தினதும் நான் பம்பைக்குக் கை காட்ட மாட்டேன்கா. உம் பாட்ட எடுப்பேன். நீ உள்ள ஓடாம அங்கயே குந்து."

"வாத்தியார் கொன்னுடுவாரு."

"என்னத்தானே? பரவால்ல."

பாரிவாக்கத்தில் மேடை போட்டிருந்த இடம் முன்பு வயல். என் அம்மா அங்கே களை எடுத்திருக்கிறாள். இப்போது மனை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது, களை எடுத்தவர்களுக்கும் கிடையாது. நான் மைக் சரிபார்க்கும்போதே ஒரு அம்மா முன்வரிசை நடுவில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். மடியில் எலுமிச்சை மாலை, கற்பூரப் பொட்டலம், ஒரு தண்ணீர் பாட்டில். "அம்மன் எத்தினி மணிக்குப்பா வரும்?" என்று கேட்டார். எட்டரை ஆகும் என்றேன். "ஆவட்டும். நான்தான் மொதல்ல போவணும். ஒண்ணு கேக்க வேண்டிக்கீது." என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு நான் யார்?

நாடகம் எப்போதும்போலப் போனது. முதல் கதவு, இரண்டாவது கதவு. கூட்டம் வழக்கம்போல நடிகரைத் திட்டியது. மூன்றாவது கதவு சாத்தியது. விளக்குக்காரர் அணைத்தார். பம்பைக்காரர் குச்சியைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். நான் குனிந்துகொண்டு தாலாட்டை எடுத்தேன். விளக்குக்காரர் ஒன்றும் புரியாமல் மறுபடி வெள்ளை விளக்கையே போட்டார். அக்கா ஓடவில்லை. சாத்திய கதவுக்கு முன்னால் துணிப்பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடைக்குப் பின்னாலிருந்து வாத்தியார், "டேய்! பம்பைடா! பம்பை!" என்று அடிக்குரலில் சீறினார். கூட்டத்திலும் சலசலப்பு. "இன்னாபா இது, அம்மன் எங்க?" என்று ஒரு குரல். சிலர் செல்போனை இறக்கினார்கள். முதல் சரணம் முழுக்க அப்படித்தான் போனது. நான் மனசுக்குள் வாத்தியார் சொன்னதுதான் சரி, நான் ஒரு முட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இரண்டாவது சரணத்தில் சத்தம் குறைந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பின்னால் இருந்த நாற்காலிக்காரர்கள் கட்டிய கையை அவிழ்த்திருந்தார்கள். பாயில் குழந்தையை மடியில் போட்டிருந்த ஒரு பெண், தன்னையறியாமல் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அக்காவின் காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்கள்.

கடைசி அடிதான் ஏறவேண்டிய இடம். "தண்ணீர் கேட்ட கண்மணிக்குத் தாலாட்டு மட்டுந்தான்." மட்டுந்தான் என்று மேலே போனபோது குரல் உடைந்தது. உடைந்து, காற்று மட்டும் வந்தது. அக்கா வாயைத் திறந்தபடியே பாட்டை நிறுத்திவிட்டார். நான் அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், வேறு என்ன செய்வது?

முன்வரிசை அம்மா எழுந்தார். போச்சு, சாமி வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் மாலையைப் பாயிலேயே வைத்துவிட்டு, பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு நேராக மேடைக்கு வந்தார். கையெட்டும் உயரம்தான் மேடை. மூடியைத் திருகி நீட்டினார்.

"தொண்ட வறண்டுகினு கீது பாரு உனக்கு. மொதல்ல தண்ணி குடிம்மா. புள்ளைக்கும் ஒரு வாய் குடு."

மைக் அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் அது கூட்டம் முழுவதற்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தது கதையில் வருகிற தாய்க்கா, ஜவுளிக்கடை அக்காவுக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா பாட்டிலை வாங்கினார். அண்ணாந்து குடித்தார், கழுத்தெல்லாம் வழிந்தது. பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றித் துணிப்பொம்மையின் முகத்தில் தடவினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கீபோர்டில் சொட்டக் கூடாதே என்று தோளில் துடைத்துக்கொண்டேன்.

வாத்தியார் என் பின்னால் வந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். "தண்ணி குட்த்துட்டாங்களேடா. புள்ள பொழச்சிடுச்சே. இனிமே அம்மன் எதுக்குடா வரும்?"

கீழே நின்ற அம்மா போகவில்லை. காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அந்தக் கடைசி அடிய இன்னொரு தபா பாடும்மா" என்றார்.

அக்கா பாடினார். அதே இடத்தில் குரல் மறுபடியும் உடைந்தது. இந்த முறை அவர் நிறுத்தவில்லை, உடைந்த குரலோடே போய்ச் சேர்ந்தார். பின்னால் நாற்காலியில் யாரோ தட்டினார்கள், பிறகு எல்லோரும். வாத்தியார் திரையை இழுத்தார். கிரீடம் பெட்டியிலேயே இருந்தது.

ஆபரேஷன் அடுத்த மாதம் நடந்தது. பேச்சு வந்துவிட்டது. அந்த ஸ்தாயி வரவில்லை.

அன்று நான் ஒயரை மடித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எலுமிச்சை மாலை அப்படியே பைக்குள் போயிற்று. என் உள்மனசு உறுத்தியது. எவ்வளவு நேரம் காத்திருந்து, அம்மனைப் பார்க்காமல் போகிறார். அதைச் செய்தவன் நான்.

"அம்மன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னியேம்மா" என்றேன்.

அவர் என்னை ஒன்றும் தெரியாத பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அதான் கேட்டேனே. இன்னொரு தபா பாடிச்சில்ல?"